கரும்பலகையும் நகர்மன்ற மேசையும்

பள்ளி ஆசிரியராய் இருப்பவர் நகர்மன்ற உறுப்பினராகவும் இருக்கலாமா? இதைச் சட்டத்தின் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொண்டால் விடை இரண்டு வரிகளில் முடிந்துவிடும். அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். வேலையை விட்டு விலகாமல் அவர் தேர்தலில் நிற்க முடியாது. தனியார் பள்ளி ஆசிரியரைப் பொறுத்தமட்டில், அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் இதையே அறத்தின் கேள்வியாக எடுத்துக்கொண்டால் அத்தனை எளிதாக விடை கிடைப்பதில்லை. ஒரே மனிதர் காலையில் ஒரு குழந்தையின் கையெழுத்தைத் திருத்துகிறார். மாலையில் அக்குழந்தையின் தந்தை கட்டவேண்டிய வீட்டு வரியை உயர்த்தும் தீர்மானத்துக்குக் கை உயர்த்துகிறார். இவ்விரு செயல்களும் ஒரே மனச்சான்றுக்குள் சண்டையின்றிக் குடியிருக்க இயலுமா?

நம் முன்னோர் இக்கேள்வியை அறியாதவர்கள் அல்லர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, ஒன்று கி.பி. 919-ஆம் ஆண்டையும் மற்றொன்று 921-ஆம் ஆண்டையும் சார்ந்தவை. குடவோலை முறையைப் பற்றி நாம் பள்ளியில் படித்ததெல்லாம் இக்கல்லிலிருந்து வந்ததே. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பதன் பொருள் அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். வாரியத்தில் அமர விரும்புகிறவனுக்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும். வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டிருக்கவேண்டும் என்பன பிந்திய கல்வெட்டின் விதிகள். இவற்றுக்கு நடுவே ஒரு சலுகை வருகிறது. ஒரு வேதத்தையும் நான்கு பாடியங்களுள் ஒன்றையும் கற்று, அவற்றைப் பிறருக்கு எடுத்துரைக்க வல்லவனாயின் அவனுக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்கிறது கல்வெட்டு. கற்பிக்கத் தெரிந்தவனுக்குச் சொத்துத் தகுதி பாதியாகக் குறைக்கப்பட்டது!

இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்ள நமக்கு முழு உரிமை இல்லை. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அந்தக் குடத்தில் பெண்ணின் பெயர் விழவில்லை. உழுத கையின் பெயர் விழவில்லை. சேரியிலிருந்தவனின் பெயர் விழவே வாய்ப்பில்லை. எனினும் ஓர் உண்மையை அக்கல் காப்பாற்றி வைத்திருக்கிறது. கற்பிக்கும் ஆற்றலுக்கும் ஊரை நடத்தும் ஆற்றலுக்கும் ஏதோ உறவு உண்டு என்று அவர்கள் கருதினார்கள். அதே மூச்சில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய உறவினரையும் குடத்திலிருந்து விலக்கினார்கள். கல்விக்குக் கதவைத் திறந்தவர்கள் கணக்கு வழக்கில் கதவை இறுக்கினார்கள் என்பதை நாம் சேர்த்தே படிக்கவேண்டும்.

இன்றைய நிலை வேறு. நம் அரசு ஆசிரியர்மீது வைத்திருக்கும் நம்பிக்கை வியப்புக்குரியது. வாக்குச்சாவடியில் அமர்ந்து விரலில் மை வைப்பவர் ஆசிரியர். வீடு வீடாகச் சென்று மக்கள்தொகை எடுப்பவர் ஆசிரியர். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரைக் கல்வி சாராத வேலைகளுக்கு அனுப்பக்கூடாது என்று விதித்தபோதும், மூன்று வேலைகளுக்கு விலக்கு அளித்தது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி. அத்தேர்தல்களில் உள்ளாட்சித் தேர்தலும் அடக்கம். ஆக, ஊரின் வாக்குகளைக் காப்பதற்கு ஆசிரியரைக் காட்டிலும் நம்பத்தகுந்தவர் இல்லை. அந்த வாக்குகளைப் பெறுவதற்கு மட்டும் அவர் ஆகாதவர். ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் உள்ளாட்சி அமைப்புகளைப் பற்றிப் பாடம் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று கரும்பலகையில் படம் வரைந்து ஆண்டுதோறும் கற்பிப்பவர், தாம் வரைந்த கட்டங்களுள் எதிலும் நுழையாமலே ஓய்வு பெறுகிறார்.

இது முரண்பாடு என்று உடனே சொல்லத் தோன்றும். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஆட்டத்தின் நடுவர் ஆட்டக்காரராக இருக்கலாகாது என்பது முரண்பாடன்று, ஒழுங்கு. இங்கிலாந்தில் ஆசிரியர்கள் உள்ளாட்சி மன்றங்களில் உறுப்பினராக இருப்பது வழக்கமே. ஆயினும் தமக்குச் சம்பளம் வழங்கும் அதே மன்றத்தில் அவர்கள் உறுப்பினராக இயலாது. 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதைத் தடுக்கிறது. பக்கத்து மன்றத்துக்குப் போட்டியிடத் தடையில்லை. கூலி கொடுக்கும் கையும் கூலி வாங்கும் கையும் ஒன்றாகிவிடக்கூடாது என்ற பொதுப்புத்தி அதில் இருக்கிறது. நம் நாட்டிலோ ஆசிரியர் மாநில அரசின் ஊழியர். நகர்மன்றம் வேறொரு அமைப்பு. ஆகவே கூலியை முன்னிட்டு எழும் தடை இங்கே அத்துணை வலுவுடையதன்று. இங்கே தடைக்கு வலுச் சேர்ப்பவை வகுப்பறையும் கட்சியுமே.

நம் அரசியலமைப்பு இதற்கு வேறொரு வழியும் கண்டிருந்தது. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் அதன் உறுப்பினருள் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்று 171-ஆம் பிரிவு கூறுகிறது. மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பர். ஆசிரியரின் குரல் சட்டமியற்றும் அவையில் ஒலிக்கவேண்டும் என்பது நோக்கம். ஆனால் வாக்குரிமை உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத பள்ளிகளில் கற்பிப்போருக்கே உண்டு. அகரம் எழுதக் கற்றுத் தரும் தொடக்கப்பள்ளி ஆசிரியை அங்கேயும் வெளியே நின்றார். நம் மாநிலத்தில் 1986 நவம்பர் முதல் நாளோடு மேலவையே இல்லாமற்போயிற்று. அந்த வாசலும் மூடப்பட்டது.

நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். தேனி, சந்தையாலும் வணிகத்தாலும் பெருகிய ஊர். அல்லிநகரம் அதனோடு ஒட்டிக் கிடக்கும் வேளாண்குடிகளின் ஊர். மேற்கே வீரப்ப அய்யனார் கோயில் மலையடிவாரம்; ஊரை ஒட்டிக் கொட்டகுடி ஆறு. இரண்டு ஊர்களும் சேர்ந்து தேனி–அல்லிநகரம் நகராட்சி. வார்டுகள் 33. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் 94,000-க்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு வார்டுக்கு ஏறத்தாழ 2,850 பேர். வீட்டுக்கு நால்வர் என்று கொண்டால் எழுநூறு வீடுகள். இந்த எண்ணை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நமக்கும் இடையே பல இலட்சம் பேர் நிற்கின்றனர். நகர்மன்ற உறுப்பினருக்கும் நமக்கும் இடையே ஒரு தெருவோ இரண்டு தெருவோதான். அவர் வீட்டுக் கதவைக் காலை ஆறு மணிக்குத் தட்டலாம், தட்டுகிறார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டது, குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று கேட்கிறார்கள். இருபது ஆண்டுகள் ஒரே பகுதியில் கற்பித்த ஆசிரியருக்கு அந்த எழுநூறு வீடுகளில் பாதி வீடுகளின் வறுமையும் குடியும் கடனும் தெரியும். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழும் இடைவெளிகளைக் கண்டே ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர் அறிந்துகொள்வார். வேறு யாருக்கு அது தெரியும்? ரேஷன் கடைக்காரருக்குக் கொஞ்சம் தெரியலாம். பங்குச் சாமியாருக்கு, அவர் நடந்து திரிகிறவராய் இருந்தால், கொஞ்சம் தெரியலாம்.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் இக்கேள்வி ஓர் ஆசிரியையின் வடிவில் நம்மிடம் வந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2016 அக்டோபரோடு பதவிக்காலம் முடிந்து, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களின் ஆட்சி நடந்திருந்தது. கதவைத் தட்டுவதற்குக் கதவே இல்லாத ஐந்து ஆண்டுகள் அவை. நடுவில் கொள்ளைநோயும் வந்து போயிற்று. பிப்ரவரி 19-இல் தேர்தல் என்று அறிவிப்பு வந்தபோது மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 4. பள்ளிகள் அப்போதுதான், பிப்ரவரி முதல் நாள், மீண்டும் திறந்திருந்தன. அந்த ஆசிரியை அரசு உதவி பெறாத ஒரு தனியார் பள்ளியில் நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பவர். தெருக்காரர்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். "சாமி, நான் மனுப் போட்டால் தப்பாகுமா?" என்று கேட்டார். "தப்பு என்று யார் சொன்னதம்மா?" என்றோம். "பள்ளியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மனுவா வேலையா, ஒன்றை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்று." கட்சி எதிலும் அவர் இல்லை, சுயேச்சையாகத்தான் நிற்க எண்ணினார். பள்ளி நிர்வாகத்தின் பக்கமும் காரணம் இருந்தது. எல்லாக் கட்சிக்காரர் பிள்ளைகளும் படிக்கும் இடம். ஆசிரியை தோற்றாலும் வென்றாலும் வகுப்பறைக்குள் தேர்தல் வந்துவிடும் என்று அஞ்சினர். அவர் மனுத் தாக்கல் செய்யவில்லை. அவருடைய சம்பளத்தில்தான் வீடு நடந்தது.

நிர்வாகத்தின் அச்சத்தை நாம் அற்பமாகக் கருதவில்லை. ஆசிரியருக்கு மாணவன்மீது உள்ள ஆளுகை தனித்தன்மை வாய்ந்தது. நகர்மன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து நின்று எதிர்க்கலாம்; வெளிநடப்புச் செய்யலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எங்கே வெளிநடப்புச் செய்வது? ஆசிரியர் சொன்னால் அது அதற்கு வேதவாக்கு. வாக்குக்காக நேற்று வீட்டு வாசலில் கைகூப்பி நின்றவர் இன்று பிரம்பும் சிவப்பு மையும் பிடித்திருக்கிறார் என்றால், "எதிர்க்கட்சிக்காரர் பிள்ளை என்பதால்தான் மதிப்பெண் குறைந்தது" என்ற பேச்சு எழாமல் இராது. பேச்சு பொய்யாகவே இருந்தாலும் ஆசிரியரின் நம்பகத்தன்மையில் ஒரு கீறல் விழுந்துவிடும். நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, வழங்கப்பட்டதாகத் தோன்றவும் வேண்டும் என்று வழக்கறிஞர்கள் சொல்வதுண்டே, அது விடைத்தாளுக்கும் பொருந்தும்.

அக்குவினோ தோமையார் இக்குற்றத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். தகுதி பார்த்துக் கொடுக்கவேண்டியதை ஆள் பார்த்துக் கொடுப்பது பங்கீட்டு நீதிக்கு எதிரான பாவம் என்கிறார் அவர். அதற்கு அவர் தேர்ந்துகொண்ட எடுத்துக்காட்டு நமக்கு மிகப் பொருத்தமானது. ஒருவரை ஆசிரியப் பதவிக்கு உயர்த்தும்போது அவருடைய அறிவு போதுமானது என்று பார்த்து உயர்த்தினால் அது முறை. அவர் பேதுரு என்பதற்காகவோ மார்ட்டின் என்பதற்காகவோ உயர்த்தினால் அது ஆள் பார்ப்பது. மதிப்பெண்ணும் குடிநீர் இணைப்பும் இவ்விதத்தில் ஒன்றே. இரண்டையும் பேதுருவுக்கும் மார்ட்டினுக்கும் என்று வழங்க முடியும். தகுதிக்கும் தேவைக்கும் என்றும் வழங்க முடியும். முப்பது ஆண்டுகள் விடைத்தாளைப் பெயர் பார்க்காமல் திருத்தப் பழகிய கண் குடிநீர் இணைப்பு மனுக்களையும் அப்படியே பார்க்காதா? பார்க்கும் என்பதற்கு உறுதி இல்லைதான். ஆனால் அப்படிப் பார்க்கப் பழகிய கண்கள் ஊரில் வேறு எத்தனை இருக்கின்றன?

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஒரு தனி அதிகாரம் வகுத்தார். அதை அவர் பொருட்பாலில், அரசனுக்குரிய செங்கோன்மையின் அருகே வைக்கவில்லை. அறத்துப்பாலில், இல்லற இயலுக்குள் வைத்தார். விருந்தோம்பலுக்கும் இனியவை கூறலுக்கும் செய்ந்நன்றி அறிதலுக்கும் அடுத்தாற்போல் வருவது நடுவுநிலைமை. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறும்போது பழகாதவன் அரியணையில் ஏறிப் பழகப்போவதில்லை என்பதுபோல் இருக்கிறது அந்த வைப்புமுறை. நன்றி அறிதலுக்கு அடுத்த அதிகாரமாக அது வருவதையும் கவனிக்கவேண்டும். வாக்களித்தவருக்கு நன்றி சொல்வது எங்கே முடிந்து, ஓரவஞ்சனை எங்கே தொடங்குகிறது என்பது நகர்மன்ற உறுப்பினர் நாள்தோறும் கடக்கவேண்டிய எல்லை.

ஆசிரியராய் இருந்து நகரத்தின் மன்றத்தில் அமர்ந்தவர்களுள் உலகம் மறவாத ஒருவர் சாக்ரடீஸ். அவர் தம்மை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள மறுத்தார், கட்டணமும் வாங்கவில்லை என்பது வேறு செய்தி. ஏதென்ஸ் நகரின் ஐந்நூற்றுவர் மன்றத்தில் அவர் உறுப்பினராயிருந்தது கி.மு. 406-இல். அர்கினூசே கடற்போரில் வென்ற தளபதிகள், கடலில் தத்தளித்த தம் வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கவேண்டும் என்பது சட்டம். மக்களோ கொதித்துப்போய், எல்லாரையும் ஒரே வாக்கெடுப்பில் தீர்த்துவிட வேண்டும் என்றார்கள். தலைமைக் குழுவில் அன்று சாக்ரடீசின் குலப்பிரிவு இருந்தது. மற்றவர்கள் கூச்சலுக்கு அஞ்சி இணங்கினார்கள். அவர் ஒருவர் மட்டும் சட்டத்துக்கு மாறான தீர்மானத்தை வாக்குக்கு விட இணங்கவில்லை. தடுக்க முடியவில்லை; தளபதிகள் கொல்லப்பட்டார்கள்; பின்பு ஏதென்ஸ் வருந்தியது. தாம் முழுநேர அரசியலில் இறங்கியிருந்தால் எப்போதோ அழிந்திருப்போம் என்று அவரே பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். இதைப் படித்து, ஆசிரியர் மன்றத்துக்குப் போகாதிருப்பதே நல்லது என்று முடிவு கட்டுவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. "இப்படிச் செய்யச் சட்டத்தில் இடமில்லை" என்று சொல்ல மன்றத்தில் அன்று ஒருவர் இருந்தார் என்பதே அந்த நிகழ்ச்சியின் பொருள். நம் நகர்மன்றங்களில் தீர்மானங்கள் ஐம்பதும் அறுபதுமாக ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டு, "நிறைவேறியது, நிறைவேறியது" என்று மேசை தட்டப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டு, தலையாட்டிய பிள்ளையை எழுப்பி, "எங்கே, சொல் பார்ப்போம்" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அங்கே தேவை.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். குமுளி ஏறினால் கேரளம். அங்கே அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் வேலையில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்கலாம் என்ற சலுகை 1951-ஆம் ஆண்டின் ஒரு சட்டத்திலிருந்து வந்தது. ஆசிரியர்கள் சட்டமன்றத்திலும் ஊராட்சிகளிலும் நிறைந்திருந்தார்கள். 2016 முதல் 2021 வரை நலவாழ்வுத் துறை அமைச்சராயிருந்த கே.கே. சைலஜா ஒரு பள்ளி ஆசிரியை. 1996-இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2004-இல்தான் பள்ளி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றார். இன்றும் மக்கள் அவரை "டீச்சர்" என்றே அழைக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் அச்சலுகை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் காரணம் சிந்திக்கத்தக்கது. ஆசிரியரின் அரசியல் உரிமையைக் குழந்தையின் கல்வி உரிமையோடு ஒரே தராசில் வைத்து நீதிபதிகள் நிறுத்தார்கள். குழந்தையின் தட்டு தாழ்ந்தது. ஆசிரியர் மன்றத்தில் இருக்கும் நாளில் வகுப்பில் யார் இருக்கிறார்?

நேரத்தைப் பற்றிய இந்த வாதமே எல்லாவற்றிலும் வலிமையானது என்று நாம் கருதுகிறோம். கட்சிச் சார்பை மனக்கட்டுப்பாட்டால் ஓரளவு அடக்கலாம். ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தை எந்தப் புண்ணியவானாலும் நீட்ட முடியாது. கரும்பலகை முன்னால் நிற்கவேண்டிய செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் பொறியாளருக்காகக் காத்திருப்பவர் இரண்டு இடத்திலும் அரைகுறை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சட்டமன்ற உறுப்பினரின் பணியும் வார்டு உறுப்பினரின் பணியும் ஒரே அளவினவல்ல. நகர்மன்றக் கூட்டம் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ. மற்ற வேலையெல்லாம் விடியற்காலையிலும் மாலையிலும் தெருவில் நடப்பது. நகர்மன்ற உறுப்பினருக்குத் தமிழக அரசு 2023-இல் அறிவித்த மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். வேறு பிழைப்பு உள்ளவர்தாம் இப்பதவியை வகிக்க முடியும் என்று அரசே ஒப்புக்கொண்டது போலத்தான் இது. அப்படியானால் அந்த வேறு பிழைப்பு எதுவாக இருப்பது ஊருக்கு நல்லது? ஒப்பந்ததாரராக இருக்கலாம், நிலத்தரகராக இருக்கலாம், வட்டிக்கு விடுபவராக இருக்கலாம். ஆசிரியையாக இருந்தால் மட்டும் கேள்வி எழுகிறது. முதல் மூவருக்கும் நகராட்சியின் முடிவுகளால் நேரடி ஆதாயம் உண்டு. ஆசிரியைக்கு அப்படி என்ன ஆதாயம்?

ஆசிரியையாயிருந்து நகர்மன்றத்தில் அமர்ந்தவர்களுள் நம் காலத்தில் நாடே அறிந்தவர் திரௌபதி முர்மு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில், சந்தால் பழங்குடியில் 1958-இல் பிறந்தவர். முதலில் மாநில நீர்ப்பாசனத் துறையில் இளநிலை உதவியாளர். பின்பு 1994 முதல் 1997 வரை ராய்ரங்பூரில் ஸ்ரீ அரவிந்தர் பெயரிலுள்ள ஒரு பள்ளியில் மதிப்புறு ஆசிரியை. 1997-இல் ராய்ரங்பூர் நகரப் பஞ்சாயத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் துணைத் தலைவருமானார். பின்பு சட்டமன்றம், அமைச்சர் பதவி, ஜார்க்கண்ட் ஆளுநர் பதவி. 2022 ஜூலை 25-இல் குடியரசுத் தலைவர். அவருடைய கட்சியைப் பற்றி வாசகர்களுக்குப் பலவகைக் கருத்துகள் இருக்கும். இங்கே நமக்கு அது பொருளன்று. ஒரு சிறு நகரத்தின் சாக்கடையையும் துப்புரவையும் பார்க்கும் பொறுப்பு ஒரு பழங்குடிப் பெண் ஆசிரியையின் கையில் வந்ததற்கு வழி செய்தது எது? 1993 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம். நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கும், மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்களைத் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கவேண்டும் என்று அது பணித்தது. நம் மாநிலத்தில் 2016-இல் பெண்களுக்கான பங்கு பாதியாக உயர்ந்தது.

பாதி இடங்கள் பெண்களுக்கு என்று சட்டம் சொல்லிவிட்டது. அந்த இடங்களுக்கு யாரை அனுப்புவது? இங்கேதான் ஆசிரியையின் கேள்வி சட்டப் புத்தகத்தை விட்டுத் தெருவுக்கு வருகிறது. மன்றத்தில் மனைவி கையெழுத்திடுவதும், வெளியே கணவர் "கவுன்சிலர்" என்று அழைக்கப்படுவதும் நாமெல்லாம் அறிந்த காட்சி. அந்தப் பெண்களை இகழ நமக்கு உரிமையில்லை; பொது இடத்தில் பேச அவர்களை யாரும் பழக்கவில்லை. நாற்பது பிள்ளைகள் முன் நின்று பேசி, கணக்கு எழுதி, பெற்றோரிடம் வாதாடிப் பழகிய பெண்கள் நம் ஊர்களில் இருப்பது பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும்தான். அவர்களையெல்லாம் "நீங்கள் வரக்கூடாது" என்று நிறுத்திவிட்டு, வந்தவர்கள் கணவர் நிழலில் நிற்கிறார்கள் என்று குறை கூறுவது நியாயமாகுமா?

மாநில அரசின் ஊழியரான ஆசிரியருக்குள்ள தடை நீங்கவேண்டும் என்று நாம் வாதாடவில்லை. பல இலட்சம் ஊழியர் தேர்தலில் இறங்கும் நாடு எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாயிருக்கிறது. வாக்குச்சாவடியில் உட்கார ஆள் கிடைக்கமாட்டார். குருக்களாகிய நமக்கும் இத்தகைய தடை உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 285-ஆம் பிரிவு, ஆட்சி அதிகாரத்தில் பங்கு தரும் பொதுப்பதவிகளைத் திருப்பணியாளர் ஏற்கலாகாது என்கிறது. இயேசு சபைக் குரு இராபர்ட் டிரைனன், பாஸ்டன் கல்லூரிச் சட்டப் பள்ளியின் தலைவராயிருந்து, 1971 முதல் அமெரிக்கப் பேரவையில் உறுப்பினராய்ப் பணியாற்றினார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1980-இல் விலகப் பணித்தபோது மறுபடி போட்டியிடாமல் ஒதுங்கிக்கொண்டார். எல்லாருக்கும் தந்தையாயிருக்கவேண்டியவர் ஒரு தரப்பினருக்கு மட்டும் தலைவராகலாகாது என்பது அத்தடையின் உட்பொருள். ஆசிரியருக்குள்ள தடையும் ஏறத்தாழ இவ்வகையினதே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குருத்துவத்தை நாம் ஓர் அழைத்தலாக ஏற்றோம். தடையும் அதன் பகுதி என்று அறிந்தே ஏற்றோம். உதவிபெறாத பள்ளி ஒன்றில் சொற்பச் சம்பளத்துக்கு உழைக்கும் ஆசிரியைக்கு அரசு ஊழியரின் ஓய்வூதியம் இல்லை, வேலைப் பாதுகாப்பு இல்லை. அரசு ஊழியரின் வாய்ப்பூட்டு மட்டும் உண்டு என்றால், அது எந்த நீதி? அதே இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் "இன்றைய உலகில் திருச்சபை" ஏடு, பிறருக்குச் செய்யும் பணியாகப் பொதுப்பொறுப்பின் சுமையை ஏற்போரைப் பாராட்டுகிறது. பொதுநிலையினருக்கு அது உரிமை மட்டுமன்று, அழைப்பும்கூட.

ஆகவே இத்தகைய பள்ளிகளை நடத்துவோர், மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் உட்பட, சற்று நின்று யோசிக்கவேண்டும். "மனுவா, வேலையா" என்ற கேள்விக்கு நடுவே வேறு வழிகளும் உண்டு. வேட்புமனு நாள் முதல் வாக்கு எண்ணும் நாள் வரை சம்பளமில்லா விடுப்புத் தரலாம். பிப்ரவரி 2022-இல் அது மூன்று வாரங்களுக்கு மேற்பட்டதன்று. வென்றால், தம் வார்டுப் பிள்ளைகள் இல்லாத வகுப்புகளை அவருக்கு ஒதுக்கலாம். முடியாவிட்டால் தேர்வுத்தாளை வேறொருவர் திருத்தலாம். மன்றக் கூட்ட நாளில் விடுப்பு. பள்ளிக்கும் நகராட்சிக்கும் இடையே கட்டட அனுமதியோ வரியோ பற்றிய பொருள் வரும்போது அவர் எழுந்து வெளியே போய்விடவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். பள்ளி வளாகத்தில் கட்சிக் கொடி, துண்டறிக்கை எதுவும் கூடாது. வேலையை மட்டும் பறிக்காதிருக்கலாம். பள்ளிக்கு இதனால் நட்டமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். சில பெற்றோர் முணுமுணுப்பர், சிலர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றவும் கூடும்.

வென்று மன்றத்தில் அமர்ந்தவருக்கும் சோதனை உடனே வரும். 2022 மார்ச் 2-இல் தமிழகத்தின் நகர்மன்ற உறுப்பினர்கள் உறுதிமொழி ஏற்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் முதல் நாள் சொத்துவரி உயர்வு அறிவிப்பு வந்தது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயரும் என்றார்கள். பதினைந்தாவது நிதிக்குழுவின் நிபந்தனையை அரசு காரணம் காட்டியது. மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றவேண்டியிருந்தது. வரி இல்லாமல் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் இல்லை என்பது கணக்கு ஆசிரியைக்குத் தெரியும். அறுநூறு சதுர அடி வீட்டில் ஐவர் படுத்துறங்குகிறார்கள் என்பதும் தெரியும், ஏனெனில் அவர்களுள் ஒருவன் அவருடைய வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் மறுநாள் காலை அவன் முகத்தைப் பார்த்தாகவேண்டும். இந்தக் கட்டாயத்தைத்தான் பலர் குறைபாடு என்கிறார்கள். தாம் கை உயர்த்தியதன் விளைவை மறுநாளே ஒரு குழந்தையின் முகத்தில் பார்க்கவேண்டியிராத உறுப்பினர்கள் கை உயர்த்தும்போது எதை நினைத்துக்கொள்கிறார்கள் என்று நாம் கேட்கலாகாதா?

போட்டியிட இயலாத அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னொரு களம் சில ஆண்டுகளாகத் திறந்திருக்கிறது. 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி நகரப் பகுதிகளில் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் பகுதி சபைக் கூட்டங்கள் பரவலாக நடந்தன. ஊராட்சிகளில் கிராம சபை எப்படியோ அப்படியே நகரில் பகுதி சபை. அந்தப் பகுதியின் வாக்காளர் அங்கே அமரலாம், தெருவின் தேவையைச் சொல்லலாம், செலவைக் கேட்கலாம். இதற்கு மனுத் தாக்கலும் வேண்டாம், சின்னமும் வேண்டாம். ஆனால் இச்சபைகள் எந்த நாளில், எந்தத் தெருவில் கூடுகின்றன என்பதைத் தம் பங்கு மக்களுள் எத்தனை பேர் அறிவார்கள் என்று அருட்பணியாளர்கள் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கேட்டுப் பார்க்கட்டும்.